யந்திரம் கட்டிப் போடுமா?

"அந்த யந்திரத்தில் ஒரு தடவை போட்டுவிட்டால் அப்புறம் ஆயுள் முழுவதும் விடவே முடியாதாமே!"

சிறுநீரகக் கோளாறு உள்ளவர் ஒருவருடைய வீட்டில், டாக்டர் 'டயாலிஸிஸ்' என்ற சொல்லை உச்சரித்த மறு கணமே, கூடத்திலிருந்தோ சமையலறையிலிருந்தோ இந்த வாக்கியம் எழுவதை நேயர்களில் பலர் கேட்டிருப்பார்கள். சொல்லுகிறவர் பெரும்பாலும் அன்பின் மிகுதியினாலேயே சொல்லுகிறார். ஆயினும் இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நாள் கடத்தி, மூச்சுத் திணறி, நினைவு தப்பிய பிறகு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படுகிறவர்கள் பலர். ஆகவே இந்த வாரம் அந்த யந்திரத்தின் வரலாற்றையும், அதன் வகைகளையும், அதனால் விளையும் நன்மை தீமைகளையும் சற்று விசாரிப்போம். அது மனிதனைக் கட்டிப் போடுகிறதா என்பது விசாரணையின் முடிவில் தானே விளங்கும்.

முதலில் சிறுநீரகம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். நமது முதுகின் இரு புறத்திலும், விலா எலும்புகளின் அடியில், அவரை விதையின் வடிவத்தில் அமைந்த இரண்டு அவயவங்கள் அவை. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் ரத்தத்திலிருந்து அவற்றின் வழியே வடிகிறது. அதில் வேண்டியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, வேண்டாத ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. உடம்பில் உப்பும் நீரும் மிகாமல் காப்பதும், ரத்த அழுத்தத்தை ஒழுங்கு செய்வதும், புது ரத்த அணுக்கள் உற்பத்தியாகத் தூண்டுவதும், எலும்புக்கு வலு தரும் 'டி' வைட்டமினைப் பயன்படும் உருவத்துக்கு மாற்றுவதும் இவற்றின் வேலைகளே. இத்தனை வேலைகளையும் கூலியின்றிச் செய்கிற காரணத்தாலோ என்னவோ, நாம் அவற்றை நினைப்பதே இல்லை.

அவை வேலை செய்வதை நிறுத்தினால் யூரியா முதலிய கழிவுகள் ரத்தத்தில் தேங்குகின்றன. பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்து இருதயத்தின் துடிப்பைக் குலைக்கிறது. நீர் வெளியேற வழியின்றி நுரையீரலில் சேருகிறது. இதற்கு மாற்றாக ஏதேனும் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, வைத்தியர் அல்லாத ஒருவர்தான் அஸ்திவாரம் போட்டார். ஸ்காட்லாந்து தேசத்து ரசாயன சாஸ்திரி தாமஸ் கிரஹாம் என்பவர், 1861-ஆம் வருஷத்தில், தோல் போன்ற ஒரு காகிதத்தின் ஒரு புறத்தில் பலவகைக் கரைசல்களையும் மறு புறத்தில் வெறும் நீரையும் வைத்துப் பரிசோதனை செய்தார். உப்பு, யூரியா போன்ற சிறு பொருள்கள் காகிதத்தினூடே நீருக்குள் கடந்து சென்றன. கோந்து போன்ற பெரும் பொருள்கள் தங்கிவிட்டன. இவ்வாறு பிரிப்பதற்கு அவர் இட்ட பெயர்தான் டயாலிஸிஸ்.

தத்துவம் கிடைத்தது, ஆனால் அதை மனிதனுக்குப் பிரயோகிக்க வெகு காலம் ஆயிற்று. உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம் உறைந்துவிடுமே! 1913-இல் அமெரிக்காவில் ஏபெல் என்பவரும் அவருடைய துணைவர்களும் நாய்களிடம் இதைச் சோதித்தபோது, ரத்தம் உறையாமலிருப்பதற்காக அட்டைப் பூச்சியின் வாயிலிருந்து எடுத்த சாற்றைப் பயன்படுத்தினார்கள். 1924-இல் ஜெர்மனியில் ஜார்ஜ் ஹாஸ் என்ற டாக்டர் முதன் முதலாக மனிதருக்கே செய்து பார்த்தார். சிகிச்சை என்று சொல்லத் தக்க பலன் அப்போது கிட்டவில்லை.

இனி ஹாலந்து தேசத்துக்குச் செல்வோம். வில்லெம் கோல்ப் என்ற இளம் டாக்டர் கிரோனிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து வந்தார். 1938-இல், அவருடைய பொறுப்பிலிருந்த 22 வயது வாலிபன் ஒருவன் சிறுநீரகம் செயலற்று மெதுவாக மாண்டு போனான். பிள்ளையின் முடிவு நெருங்கிவிட்டது என்பதை அவனுடைய தாயாரிடம் சொல்ல வேண்டிய கடமையும் கோல்புக்கே வந்து சேர்ந்தது. 'தினம் 20 கிராம் யூரியாவை இவன் ரத்தத்திலிருந்து எடுத்திருந்தால் பிழைத்திருப்பானே!' என்ற எண்ணம் அவரை விடவில்லை. இறைச்சிக் கடையில் உபயோகிக்கும் செலோபேன் குழாயில் சிறிது ரத்தத்தையும் யூரியாவையும் அடைத்து, உப்பு நீரில் இட்டு ஆட்டிப் பார்த்தார். சிறிது நேரத்தில் யூரியா நீருக்குள் இறங்கிவிட்டது.

1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படைகள் ஹாலந்தைக் கைப்பற்றின. கோல்பின் தலைமைப் பேராசிரியர் யூதர். அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் இடத்தில் நாஜிக் கட்சிக்காரர் ஒருவர் நியமிக்கப்படவே, அவருக்குக் கீழே ஊழியம் செய்ய மனமின்றிக் கோல்ப் காம்பென் என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். யுத்த காலத்தில் சாமான்கள் எங்கே கிடைக்கும்? கிடைத்ததைக் கொண்டு செய்தார். சுழலும் ஓர் உருளையின் மேல் சுமார் 20 மீட்டர் செலோபேன் குழாயைச் சுற்றினார்; அவ்வூர்த் தொழிற்சாலையில் செய்த பெரிய எனாமல் தொட்டியில் உப்பு நீர் நிரப்பினார்; மோட்டார் வண்டித் தண்ணீர்ப் பம்பின் இணைப்பைப் பார்த்துச் சுழலும் மூட்டை அமைத்தார். 1943-இல் யந்திரம் தயாராயிற்று.

முதல் நோயாளி 29 வயதுப் பெண்மணி. அவருடைய சிறுநீரகங்கள் நாள்பட்ட வியாதியால் அடியோடு கெட்டிருந்தன. யந்திரம் ஒவ்வொரு தடவையும் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. அவரும் ஒவ்வொரு தடவையும் சற்றுத் தெளிந்தார். ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புதிய ரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. திறப்பதற்குக் குழாய்களே இல்லை என்ற நிலை ஏற்பட்டபோது, அவர் காலமானார். இவரையும் சேர்த்து முதல் 16 நோயாளிகளில், இந்த யந்திரத்தினாலேயே பிழைத்தார் என்று உறுதியாகச் சொல்லத் தக்கவர் ஒருவருமில்லை.

பதினேழாவது நோயாளி வந்தது 1945 செப்டம்பரில். யுத்தம் முடிந்துவிட்ட சமயம். 67 வயது மூதாட்டி. பித்தப்பை வியாதியினால் உடல் நலம் கெட்டுச் சிறுநீர் அற்றுப்போய், நினைவிழந்து கிடந்தார். அவர் நாஜிகளோடு சேர்ந்திருந்தவர் என்பதற்காகச் சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். ஊரில் பலருக்கு அவர் பிழைக்க வேண்டும் என்ற ஆவலே இல்லை. நாஜிகளை வெறுத்து வேலையையே உதறியவர் கோல்ப். ஆனால் நோயாளி என்று வந்தவரிடம் அந்தக் கணக்கை அவர் பார்க்கவில்லை. பதினொன்றரை மணி நேரம் யந்திரம் சுழன்றது. மூதாட்டி கண் விழித்தார். விழித்ததும் தம் கணவரை விவாகரத்துச் செய்யப் போவதாகத் தெரிவித்தார் என்றும், அப்படியே செய்தார் என்றும் கோல்ப் பிற்காலத்தில் சொல்லி மகிழ்வதுண்டு! சில தினங்களில் அவருடைய சிறுநீரகங்கள் தாமாகவே வேலையைத் தொடங்கின. அதன் பின்னர் சில வருஷங்கள் வாழ்ந்து, வேறு காரணத்தால் அவர் காலஞ் சென்றார். கோல்ப் தம்முடைய யந்திரங்களை லண்டன், நியூயார்க் முதலிய நகரங்களின் ஆஸ்பத்திரிகளுக்கு இனாமாகவே அனுப்பி வைத்தார்.

இந்த இரண்டு பெண்மணிகளையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடை இவ்விருவரிடமும் இருக்கிறது. யந்திரம் ஒன்றேதான். பின்னவருக்கு ஒரே நாளோடு அது வேண்டாததாயிற்று. முன்னவருக்கோ கடைசி வரையில் வேண்டியிருந்தது. வித்தியாசம் சிறுநீரகத்தில் இருந்ததே ஒழிய யந்திரத்தில் இல்லை. கண்ணாடி விரியன் கடி, எலிக் காய்ச்சல், கடுமையான வாந்திபேதி, பிரசவத்தில் ஏற்படும் மிகுந்த ரத்தப் போக்கு இவற்றால் திடீரென்று நின்றுபோன சிறுநீரகங்கள், சில நாட்களிலோ சில வாரங்களிலோ பெரும்பாலும் மீளக் கூடியவை. அதுவரையில் உயிரைத் தாங்கிப் பிடிப்பதே டயாலிஸிஸின் வேலை. சர்க்கரை வியாதியாலும் ரத்தக் கொதிப்பாலும் பல வருஷங்களாக அரிக்கப்பட்ட சிறுநீரகங்கள் மீளுவதில்லை. அங்கே டயாலிஸிஸை விட முடியாமற் போவது, காலொடிந்தவனுக்கு ஊன்றுகோலை விட முடியாததைப் போன்றதுதான். ஊன்றுகோலா காலை ஒடித்தது?

மீளாத சிறுநீரகம் உள்ளவர்களுக்கு நெடுநாள் சிகிச்சை செய்ய, ரத்தக் குழாய்ப் பிரச்சனை தீர வேண்டியிருந்தது. 1960-இல் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்தில் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், டெப்லான் என்னும் வழவழப்பான பொருளால் ஒரு சிறு குழாய் செய்து, கையிலுள்ள தமனியையும் சிரையையும் நிரந்தரமாக இணைத்தார். அவருடைய முதல் நோயாளி அதன் பிறகு 11 வருஷம் ஜீவித்திருந்தார். ஆனால் யந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். 1962-இல் அந்நகரத்தில் திறக்கப்பட்ட நிலையத்தில் இடம் யாருக்கு என்று தீர்மானிக்க எழுவர் கொண்ட ஒரு கமிட்டி அமைந்தது. பாதிரியார், வக்கீல், பாங்கிக்காரர், குடும்பப் பெண்மணி முதலானோர் கூடி, இன்னார் வாழலாம், இன்னார்க்கு இடமில்லை என்று முடிவு செய்தனர். எமதர்ம ராஜாவின் உத்தியோகத்தை மனிதர்கள் ஏற்றுக்கொண்டதைக் கேட்டு உலகம் திடுக்கிட்டது. 1972-இல் அமெரிக்க சர்க்கார் அநேகமாக எல்லாச் சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைச் செலவையும் ஏற்கும் சட்டத்தை இயற்றியது. நம் தேசத்தில், ஏழைகளுக்கு ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இலவசமாக டயாலிஸிஸ் செய்யும் தேசியத் திட்டம் 2016-இல் ஏற்பட்டது.

இப்பொழுது வழக்கத்திலுள்ள முறைகளைக் கவனிப்போம். முதலாவது, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்பச் செலுத்துவது. வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம் என்பது பொதுவான ஏற்பாடு. கோல்பின் உருளைக்குப் பதிலாக, மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண் குழல்களை அடக்கிய சிறு உருளைக் கலம் இருக்கிறது. குழல்களின் உள்ளே ரத்தம். வெளியே கழுவு நீர். நிமிஷத்துக்கு 500 மில்லி லிட்டர் வீதம் ஓடும் அந்நீர், ஒரு வேளைக்கு 120 லிட்டர் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்து சேர்க்கிறார்கள்.

இரண்டாவது, வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஜவ்வையே வடிகட்டியாக வைத்துக்கொள்வது. மெல்லிய குழாய் ஒன்றை வயிற்றில் பொருத்தி, அதன் வழியே சுமார் இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே வடித்துவிட வேண்டும். நாளொன்றுக்கு நான்கு முறை நோயாளியே வீட்டிலிருந்தபடி செய்துகொள்ளும் பழக்கத்தை, 1976-இல் டெக்ஸாஸ் மாகாணத்தில் பாப்போவிச் என்பவரும் மான்கிரீப் என்பவரும் ஏற்படுத்தினார்கள். இரவு தூக்கத்திலேயே இதைச் செய்து முடிக்கும் யந்திரங்களும் உண்டு. ஆஸ்பத்திரி தொலைவிலுள்ள கிராமத்தாருக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கும், குழந்தைகளுக்கும் இது பெரிதும் அனுகூலமானது. கையும் இடமும் சுத்தமாயிருப்பது மட்டும் கட்டாயம். மூன்றாவதாக, நிலைமை மிக மோசமானவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் மெதுவாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் முறை ஒன்றும் இருக்கிறது.

அபாயங்களை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. யந்திரத்தில் இருக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென்று தாழலாம். கெண்டைக் கால் பிடித்திழுக்கலாம். தலைவலி, வாந்தி உண்டாகலாம். இரண்டு தடவைகளுக்கு நடுவில் அதிகமாகத் தண்ணீர் குடித்தவர்களுக்கே இவை அதிகமாக நேருகின்றன. கழுத்திலோ தொடையிலோ வைக்கும் தற்காலிகக் குழாயின் வழியே கிருமிகள் புகுந்து குளிர் காய்ச்சலை உண்டாக்கலாம். வயிற்று வழி முறையில், வடியும் நீர் கலங்கியிருந்தால் உள்ளே கிருமி புகுந்துவிட்டது என்று அறிந்து, அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். கழுவு நீரின் சுத்தமும் உயிர் விஷயமாகும். 1996-இல் பிரேஸில் தேசத்துக் கருவாரு நகரில், பாசியின் விஷம் கலந்த தண்ணீரை உபயோகித்த ஒரு நிலையத்தில் 50-க்கு மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். மேலும், டயாலிஸிஸ் சிறுநீரகத்தின் வேலையில் ஒரு சிறு பங்கையே செய்கிறது. ரத்த சோகைக்கு ஊசியும், எலும்புக்கு மருந்தும் தனியே வேண்டும். தக்கவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே இதனினும் மேலான வழி.

இனி வீட்டார் செய்ய வேண்டியவை. சிறுநீரகம் படிப்படியாகக் குறைந்து வருகிறது என்று டாக்டர் சொன்னவுடனே முன்னேற்பாடு தொடங்க வேண்டும். முன்னேற்பாடு வேறு, ஆரம்பம் வேறு. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 828 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், டயாலிஸிஸை வெகு சீக்கிரமாகத் தொடங்குவதால் ஆயுள் கூடவில்லை என்று கண்டார்கள். ஆகவே, 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று டாக்டர் சொன்னால் அது அசிரத்தையாகாது. அவர் பார்க்கலாம் என்பதும், நாமாகவே அவரிடம் போகாமல் இருப்பதும் ஒன்றல்ல.

முன்னேற்பாடுகளில் தலையாயது கை. 1966-இல் நியூயார்க் டாக்டர்கள் வெளியிட்ட ஒரு முறைப்படி, முன்கையின் தமனியையும் சிரையையும் சிறு ரண சிகிச்சையால் இணைத்துவிடுகிறார்கள். இதைப் 'பிஸ்டுலா' என்பார்கள். ஆசனவாயில் வரும் பிஸ்டுலா வேறு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சில வாரங்களில் சிரை தடித்து, ஊசி குத்தத் தகுதியாகிறது. கழுத்துக் குழாயைவிட இது பன்மடங்கு க்ஷேமமானது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதோ, வேறு ஊசி போடுவதோ, குடம் தூக்குவதோ, அதன்மேல் தலை வைத்துப் படுப்பதோ கூடாது. தினமும் காலையில் விரலை வைத்தால் வண்டு முரல்வது போன்ற அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது ஆகாரம். உடம்புக்குக் குளிர்ச்சி என்று உபசாரமாகக் கொடுக்கும் இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. இந்த நோயாளிகளில் பலருக்கு அவை விஷமாகும். நட்சத்திரப் பழம் அடியோடு ஆகாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றின் உப்பு தாகத்தைக் கிளப்பும். தாகம் தண்ணீரைக் கேட்கும். தண்ணீர் நுரையீரலில் ஏறும். 'நல்லது' என்று விற்கும் மாற்று உப்புகளில் பல பொட்டாசிய உப்புகளே. டயாலிஸிஸ் தொடங்கிய பிறகு புரதச் சத்து முன்னைவிடச் சற்று அதிகமாகவே வேண்டியிருக்கும். ஆகையால் பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு நோயாளியைப் பட்டினி போடக் கூடாது. கல்யாணம், பண்டிகை என்று ஒரு முறையைத் தவற விடுவது பெரிய ஆபத்து. ஊருக்குப் போக வேண்டியிருந்தால், அவ்வூர் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே இடத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு போகலாம்.

வயது மிக முதிர்ந்து, வேறு பல வியாதிகளாலும் தளர்ந்தவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு டயாலிஸிஸ் நாட்களைக் கூட்டாமல் சிரமத்தை மட்டும் கூட்டக் கூடும். மருந்துகளால் உபாதையைத் தணித்து வீட்டில் வைத்துப் பேணுவதும் முறையான வைத்தியமே. நோயாளியின் மனத்தை அறிந்து, டாக்டரைக் கலந்து, குடும்பத்தார் நிதானமாக முடிவு செய்ய வேண்டிய காரியம் அது. தொடங்கிய பிறகும், வேண்டாமென்று நிறுத்திக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. 'விடவே முடியாது' என்ற பேச்சு இந்த வகையிலும் பொருந்தாது.

சர்க்கரை வியாதியோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவையேனும் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்றும், ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்றும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவதை நிறுத்த வேண்டும். இவற்றைச் செய்தால் பலருக்கு யந்திரத்தின் தேவையே ஏற்படாது. ஏற்பட்டாலும் பல வருஷங்கள் தள்ளிப் போகும். அப்படியும் டாக்டர் ஒரு நாள் அந்தச் சொல்லை உச்சரித்தால், வீட்டார் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "சிறுநீரகம் மீளக் கூடியதா, மீளாததா?" மற்ற தீர்மானங்களெல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை.